வயலும் பறவையும் ஒரே தாளில்: வாசகர் கேள்விகளும் ஓவியரின் பதில்களும்

கிராமப்புற நிலக்காட்சிகளையும் அங்கே கண்ணில் படும் பறவைகளையும் வரைவது பற்றி வந்த கடிதங்கள் பலவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஆகவே அவற்றை ஒரு தொடர்ச்சியாக அமைத்து விடையளித்திருக்கிறேன். வயலையும் பறவையையும் தனித்தனிப் பாடங்களாகப் பிரித்துக் கற்பிக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கான காரணம் இந்தப் பதில்களினூடே தெரியவரும்.

கேள்வி: நான் வசிக்கும் இடத்தைச் சுற்றி வயல்களும் ஒரு குளமும் சில மரங்களும்தான் இருக்கின்றன. மலையோ அருவியோ கிடையாது. இப்படிப்பட்ட சாதாரண இடத்தில் வரைவதற்கு என்ன இருக்கிறது?

பதில்: ஆல்பிரெக்ட் ட்யூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் 1503ஆம் ஆண்டில் ஒரு பிடி புல்லை நீர்வண்ணத்தில் வரைந்தார். நாம் காலால் மிதித்துக் கடந்துபோகும் புல்லும் களையும் மட்டுமே அந்தப் படத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் கண் மட்டத்தைத் தரைவரை இறக்கி, ஒவ்வொரு புல்லிதழும் தண்டும் மண்ணிலிருந்து எப்படி எழுகின்றன என்று பார்த்திருப்பதால், ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அது வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தையும் மேகத்தையும் மட்டுமே மீண்டும் மீண்டும் தீட்டி, அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைத்தார். குளமும் வயலும் இருக்கும் இடத்தில் இவை இரண்டுக்கும் குறைவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, புதிய இடத்தைத் தேடாமல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள் என்பதுதான். உள்ளங்கை அளவுள்ள தாள்களை எடுத்துக்கொண்டு, ஒரு வரப்பின் முனையைத் தேர்ந்து, விடியற்காலையிலும் உச்சிப்பொழுதிலும் மாலையிலும் அதே கோணத்தில் வரையுங்கள். காலையில் வரப்பின் ஒரு பக்கம் முழுவதும் நிழலாக இருந்து அதன் மேடு தெளிவாகத் தெரியும். உச்சியில் அதே வரப்பு ஒரு வெளிறிய கோடாகிவிடும். மாலையில் நிழல் மறுபக்கம் விழுந்து, காலையில் கவனிக்காத ஒரு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். பத்து நாள் அங்கே உட்கார்ந்த பிறகு, எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தக் கிளைக்கு வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த அறிவு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

கேள்வி: பறவை ஒரு கணம்கூட அசையாமல் நிற்பதில்லை. பென்சிலை எடுப்பதற்குள் பறந்துவிடுகிறது. நேரில் பார்த்து வரைவது உண்மையில் சாத்தியம்தானா?

பதில்: சாத்தியம்தான். ஆனால் ஒரு படத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஒரே பக்கத்தில் ஐந்தாறு படங்களை அரைகுறையாகத் தொடங்கிவையுங்கள். பறவை திரும்பினால் அந்தப் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். பறவைகளுக்கென்று சில நிலைகள் உண்டு. இரை தேடும் நிலை, இறகு கோதும் நிலை, எச்சரிக்கையாகக் கழுத்தை நீட்டும் நிலை என்று அவற்றுக்கே மறுபடி மறுபடி வந்து சேரும். அப்படி வரும்போது, விட்ட இடத்திலிருந்து பழைய படத்தைத் தொடரலாம்.

ஒரு குளக்கரையில் சின்னக் கொக்கு ஒன்றை நான் முக்கால் மணி நேரம் இப்படி வரைந்தேன். கறுத்த கால், மஞ்சள் பாதம். ஆழமில்லாத நீரில் அது ஒரு காலை மட்டும் முன்னே வைத்து, அந்த மஞ்சள் விரல்களைச் சேற்றில் விறுவிறுவென்று நடுக்கியது. ஒளிந்திருக்கும் மீனையும் பூச்சியையும் கலைத்து வெளியே கொண்டுவருவதற்காகக் கொக்கு செய்யும் வேலை அது. உடல் முன்னே சாய்ந்திருக்கிறது, கழுத்து பின்னே இழுபட்டிருக்கிறது, தலை அசைவதே இல்லை. கால் மட்டும் நடுங்குகிறது. நடுங்கிய இடத்திலிருந்து சேறு புகைபோலக் கலங்கி எழுந்து, அலகின் நிழலை மெல்ல மறைத்தது. முதல் இருபது நிமிடங்களில் எனக்குக் கிடைத்தவை வெறும் சாய்வுக் கோடுகள்தான். ஆனால் அதன் பிறகு, அடுத்த அடி எப்போது விழும் என்பது கைக்கே தெரியத் தொடங்கியது. அந்தக் கலங்கிய சேறு என் படத்தில் இடம்பெற்றதால்தான், பார்த்தவர்களுக்கு அது நிற்கும் கொக்காக இல்லாமல் வேட்டையாடும் கொக்காகத் தெரிந்தது.

வரையத் தொடங்கும்போது அலகிலிருந்தோ கண்ணிலிருந்தோ தொடங்காதீர்கள். உடலின் சாய்வைக் காட்டும் ஒற்றைக் கோட்டை முதலில் இடுங்கள். அதன்மேல் உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு சிறு வட்டம். நிமிர்ந்து உட்காரும் பறவை எது, கிடைமட்டமாக உட்காரும் பறவை எது என்பதை அந்த ஒரு கோடே சொல்லிவிடும். கரிச்சானையும் வாலாட்டியையும் இறகின் நிறமே தெரியாத தூரத்திலும் நாம் அடையாளம் காண்பது இந்தச் சாய்வினால்தான்.

கேள்வி: கொக்கு, நாரை ஆகியவற்றின் கால்கள் குச்சியைச் செருகியதுபோல வருகின்றன. முழங்கால் பின்பக்கமாக மடங்குவதை எப்படிக் காட்டுவது?

பதில்: பின்பக்கமாக மடங்குவதாகத் தோன்றும் அந்த மூட்டு முழங்கால் அன்று, கணுக்கால். பறவையின் உண்மையான முழங்கால் உடலை ஒட்டி, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. நம்முடையதைப் போல அதுவும் முன்பக்கமாகத்தான் நீண்டிருக்கிறது. நாம் பாதம் என்று நினைத்துக்கொள்வது விரல்களை மட்டுமே. பறவை தன் விரல்களை ஊன்றி நிற்கிறது. இதை மனத்தில் கொண்டு, காலை வயிற்றின் விளிம்பிலிருந்து தொடங்காமல், உடலுக்குள் மறைந்திருக்கும் தொடையிலிருந்து மெல்லிய கோட்டில் கொண்டுவந்து பாருங்கள். குச்சித்தனம் அன்றே போய்விடும். உடலின் எடை நடுவிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால் அது விரல்களின்மேல் விழ வேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும் பறவை அந்தக் காலை உடலின் நடுவுக்குக் கீழே கொண்டுவந்து வைத்திருப்பதைக் கவனித்தால், நான் சொல்வது விளங்கும்.

கழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்குக் கழுத்தில் 7 எலும்புகள். பறவைகளுக்கு இனத்தைப் பொறுத்து பெரும்பாலும் 13 முதல் 25 வரை. ஆனால் கொக்கின் கழுத்து ரப்பர் குழாய்போலச் சீராக வளைவதில்லை. ஓரிடத்தில் முறிந்ததுபோல ஒரு கோணம் விழும். அந்தக் கோணத்தை மழுக்கிவிட்டால் கொக்கு வாத்தாகிவிடும். பறக்கும்போது கொக்கினம் கழுத்தை மடக்கித் தோள்களுக்கிடையே இழுத்துக்கொள்ளும். செங்கால் நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் முதலியவை கழுத்தை நேராக நீட்டியே பறக்கும். அந்தி வானத்தில் வரிசையாகப் பறவைகளை வரைபவர்கள் இதைக் கலந்துவிடுவதைப் பல படங்களில் பார்க்கிறேன். வானம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் பறவைகளை அறிந்தவருக்கு அந்தப் படம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இறக்கைகளில் ஒவ்வோர் இறகையும் வரைய வேண்டியதில்லை. நுனிப்பகுதியில் கைபோல விரியும் நீண்ட இறகுகள், பெரும்பாலான பறவைகளுக்குப் பத்தளவில் இருப்பவை, ஒரு தொகுதி. முன்கையெலும்பில் பொருந்தியவை மற்றொரு தொகுதி. அவற்றின் மேல் ஓட்டுக்கூரைபோல அடுக்கப்பட்ட சிறு இறகுகள் மூன்றாவது தொகுதி. இந்த மூன்று தொகுதிகளின் எல்லைகளைச் சரியாக வைத்துவிட்டால், உள்ளே நான்கு கீற்றுகள் போதும்.

கேள்வி: என் படங்களில் வயலின் பச்சை பிளாஸ்டிக் பச்சையாகத் தெரிகிறது. எந்தப் பச்சையை வாங்க வேண்டும்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். டியூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசுவதுதான் இந்தக் குறைக்குக் காரணம். அல்ட்ராமரைன் நீலத்தோடு காவி மஞ்சள், அதே நீலத்தோடு பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள், கறுப்போடு மஞ்சள் என்று மூன்று கலவைகளைச் செய்து பாருங்கள். கறுப்பும் மஞ்சளும் கலந்தால் அடங்கிய ஒரு பாசிப்பச்சை வருவது முதன்முறை செய்பவருக்கு வியப்பாக இருக்கும். எந்தப் பச்சை அளவுக்கு மீறிக் கத்தினாலும், பர்ன்ட் சியன்னா என்னும் செம்மண் நிறத்தில் ஒரு துளி சேர்த்தால் அடங்கிவிடும்.

ஆனால் கலவையைவிட முக்கியமானது, பச்சை என்ற சொல்லை மறந்துவிட்டு இலையைப் பார்ப்பது. சூரியன் உங்களுக்கு முன்னால் இருக்கும்போது ஒளி இலையை ஊடுருவி வருவதால், இளம்பயிர் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரியும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் வந்துவிட்டால், அதே இலை தன் மேற்பரப்பில் வானத்தை வாங்கிப் பிரதிபலித்து, நீலம் கலந்த சாம்பலாகிவிடும். ஒரே வயலில் ஒரே நேரத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பிப் பார்த்தால் இந்த இரண்டையும் காணலாம். நான் வரையத் தொடங்கிய காலத்தில் இதைச் சொல்லித்தர யாரும் இல்லாததால், பல ஆண்டுகள் ஒரே பச்சையைத் தண்ணீர் கூட்டியும் குறைத்தும் பூசிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: தொடங்குபவருக்கு எந்தத் தாள், எந்த வண்ணம் ஏற்றது?

பதில்: நீர்வண்ணம் என்றால் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, சற்றே சொரசொரப்பான தாள். அதைவிட மெல்லியது நனைந்தால் அலையலையாகத் தூக்கிக்கொள்ளும். வண்ணத்தில் டியூபின்மேல் அச்சிட்டிருக்கும் ஒளிதாங்கும் தரத்தைப் பார்த்து வாங்குங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற அழகான சிவப்பு, பழைய முறைப்படி தயாரிக்கப்பட்டதாக இருந்தால், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். வெளியில் எடுத்துச் செல்ல ஆறு வண்ணங்களும் இரண்டு தூரிகைகளும் போதும்.

கேள்வி: தொலைவில் இருக்கும் மரங்களும் அருகில் இருக்கும் மரங்களும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் வருகின்றன. குளத்தின் நீரும் கண்ணாடிபோல வரவில்லை.

பதில்: நமக்கும் தொலைமரத்துக்கும் இடையே இருக்கும் காற்றையும் வரைய வேண்டும். காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், தொலைவில் உள்ள இருளான பகுதிகள் முதலில் வெளிறி நீலம் பூண்டுவிடுகின்றன. எனவே தொலைவு மரத்தின் நிழலை அருகிலுள்ள மரத்தின் நிழலைவிடப் பல படிகள் வெளிறியதாக வையுங்கள். ஓரங்களை ஈரத்தில் கரையவிடுங்கள். இலைகளைத் தனித்தனியே காட்டாதீர்கள்.

நீரில் தெரியும் பிம்பம் மேலே இருப்பதைத் தலைகீழாகப் படியெடுத்தது அன்று. உங்கள் கண் நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழத்தில் இன்னொரு கண் நின்று மேல்நோக்கிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணுக்குத் தெரிவதே பிம்பம். அதனால் நீர்மேல் தாழ்ந்த கிளையின் அடிப்பக்கமும், அதில் உட்கார்ந்திருக்கும் பறவையின் வயிறும் பிம்பத்தில் கூடுதலாகத் தெரியும். பொதுவாக, வெளிச்சமானவை நீரில் ஒரு படி மங்கியும் இருளானவை ஒரு படி வெளிறியும் தோன்றும். இவ்வளவையும் செய்துவிட்டு, காற்று தொட்ட இடத்தில் கிடைமட்டமாக ஒரே ஒரு வெளிர்க்கோட்டை இழுத்தால், நீர் தட்டையாகப் படுத்துக்கொள்ளும்.

கேள்வி: மீன்கொத்தியின் நீலத்தை எந்த வண்ணத்தாலும் பிடிக்க முடியவில்லை. என்ன கலக்க வேண்டும்?

பதில்: அந்த நீலம் பறவையின் உடலில் சாயமாக இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இறகுக்குள் இருக்கும் நுண்ணிய, பஞ்சுபோன்ற கட்டமைப்பு நீல ஒளியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புவதால் உண்டாகும் நிறம் அது. பனங்காடையின் இறக்கையிலும் இதே ஏற்பாடுதான். கிளியின் பச்சையில் இப்படிப்பட்ட நீலத்தின்மேல் மஞ்சள் சாயம் சேர்ந்திருக்கிறது. புறாவின் கழுத்து மினுமினுப்பு வேறு வகை. மெல்லிய படலங்களில் ஒளி மோதிப் பிறப்பதால், பறவை தலையைத் திருப்பியதும் பச்சை ஊதாவாகிவிடும்.

நம்மிடம் இருப்பவை சாயங்கள் மட்டுமே என்பதால், நிறத்தால் வெல்ல முடியாததைச் சூழலால் வெல்ல வேண்டும். தாளின் வெண்மையை அடியில் காப்பாற்றி, அதன்மேல் தாலோ நீலத்தை ஒரே வீச்சில் தெளிவாகப் பூசுங்கள். உலர்வதற்குள் மீண்டும் தொடாதீர்கள். சுற்றிலும் இருக்கும் கரையையும் கிளையையும் காவியும் பழுப்புமாக அடக்கிவையுங்கள். பக்கத்தில் மங்கிய ஆரஞ்சு இருந்தால் நீலம் தானாகச் சுடர்விடும். மீன்கொத்தி இனங்கள் பலவற்றுக்கு இயற்கையே வயிற்றில் அந்த ஆரஞ்சுப் பழுப்பைத் தந்திருக்கிறது.

கேள்வி: புகைப்படத்தைப் பார்த்து வரைவது தவறா?

பதில்: தவறில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பக்கூடாது. கைபேசிக் கேமராவின் அகன்ற பார்வை தொலைவு மரங்களைக் குறுக்கி, காலடி மண்ணைப் பெரிதாக்கிவிடுகிறது. நிழல்களைக் கறுப்பாக அடைத்துவிடுகிறது. சார்லஸ் டன்னிக்லிஃப் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1947 முதல் ஆங்கிள்சி தீவில் வாழ்ந்து, கரையில் பார்த்த பறவைகளைக் குறிப்பேடுகளில் வரைந்ததோடு, இறந்து கிடைத்த பறவைகளை இயல்பான அளவில் இறகு இறகாக அளந்தும் வரைந்து வைத்திருந்தார். உயிருள்ள அசைவு ஒன்றிலிருந்தும், துல்லியமான அளவு மற்றொன்றிலிருந்தும் அவருக்குக் கிடைத்தன. புகைப்படம் அந்த இரண்டாவது ஏட்டின் இடத்தை ஓரளவு நிரப்பலாம். முதல் ஏட்டின் இடத்தை நிரப்பாது. இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: படத்துக்காகக் கூட்டை நெருங்காதீர்கள், மறைக்கும் இலைகளை விலக்காதீர்கள். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுப்போகக் காரணமான படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கேள்வி: நிலக்காட்சி தனியாக நன்றாக வருகிறது, பறவையும் தனியாக நன்றாக வருகிறது. இரண்டையும் சேர்த்தால், பறவை வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிக நெருக்கமானது இது. ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்த சைபீரியக் கொக்கு, ஏறக்குறைய வெற்றுத் தளத்தில் நிற்கிறது. அது குறையன்று, பறவையை ஆவணப்படுத்துவதே அங்கே நோக்கம். அமெரிக்காவின் பறவை ஓவியர் ஆடுபான், 1827 முதல் 1838 வரை வெளிவந்த தம் 435 படங்களில், சுட்டு வீழ்த்திய பறவைகளைக் கம்பியால் நிறுத்திவைத்து, அவற்றின் இயல்பான அளவிலேயே வரைந்தார். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள தாளிலும் பூநாரை அடங்காததால், அதன் கழுத்தைத் தரைவரை வளைத்தார். இவர்களிடம் பறவையே படம். உங்கள் நோக்கம் வேறு. நீங்கள் ஓர் இடத்தை வரைகிறீர்கள். அந்த இடத்தில் ஒரு பறவை வாழ்கிறது. ஸ்வீடனின் புரூனோ லில்யெஃபோர்ஸ் (1860–1939) இதைத்தான் தம் வாழ்நாள் வேலையாகச் செய்தார். அவருடைய பறவைகளில் பல, புல்லுக்கும் பனிக்கும் நடுவே பாதி கரைந்திருப்பதால், சற்று நேரம் தேடிய பிறகே கண்ணுக்குப் புலப்படும்.

வெட்டி ஒட்டியதுபோல் தெரிவதற்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஒளியே காரணம். வயலை மாலை ஒளியில் வரைந்துவிட்டு, நடுப்பகலில் எடுத்த புகைப்படத்திலிருந்து கொக்கைக் கொண்டுவந்து வைக்கிறோம். அதற்கும் மேலாக, கொக்கு வெள்ளை என்று மனம் சொல்வதைக் கேட்டு வெள்ளையாகவே விட்டுவிடுகிறோம். உண்மையில் பிரகாசமான வானத்துக்கு எதிரே பறக்கும் வெள்ளைக் கொக்கு, வானத்தைவிட இருண்டதாகவே தெரியும். வெயிலில் புல்மேல் நிற்கும் கொக்கின் வயிற்றில் புல்லின் பச்சை ஏறியிருக்கும். நிழல் விழும் பக்கம் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். தூய வெள்ளை, வெயில் நேராகத் தொடும் முதுகின் ஒரு கீற்றில் மட்டுமே மிஞ்சும். வயலுக்குக் கலந்த அதே பச்சையில் தூரிகையைத் தோய்த்து, நிறைய நீர்விட்டு அந்த வயிற்றைத் தொடுங்கள்.

அடுத்தது ஓரங்கள். சுற்றுக்கோடு முழுவதும் ஒரே கூர்மையில் இருந்தால் பறவை தாளிலிருந்து பிய்ந்து நிற்கும். வெளிச்சம் படும் முதுகின் விளிம்பைக் கூர்மையாக வைத்து, நிழல் பக்கத்தை நாற்றுகளுக்குள் கரையவிடுங்கள். கால்கள் பயிருக்குள் எங்கே மறைகின்றன என்று பாருங்கள், நான்கைந்து பயிர்த்தாள்களைக் கால்களுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அளவையும் சரிபாருங்கள், ஆசையினால் நாம் எப்போதும் பறவையைப் பெரிதாக்கிவிடுகிறோம். வயலில் நிற்கும் ஓர் ஆளின் உயரத்தை அதே தொலைவில் மெல்லிய கோட்டால் குறித்து, சின்னக் கொக்கு அவருடைய முழங்காலைச் சற்றே தாண்டும் உயரம்தான் என்று நினைவில் வைத்து அளந்துவிட்டு, பிறகு அந்தக் கோட்டை அழித்துவிடலாம்.

ஒரு பரந்த வயல் படத்தில் நான் கொக்கை மூன்று முறை சுரண்டி எடுத்து, மூன்று முறை மறுபடி வரைந்தேன்; ஒவ்வொரு முறையும் அது சிறிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அது நகத்தின் அளவுக்கு வந்து, வரப்பின் நிழலில் ஒரு காலை மறைத்துக்கொண்டு நின்றபோதுதான் வயல் அகன்றது. நீங்கள் இப்போது வைத்திருக்கும் படத்தில் பறவையின் மேல் ஒரு சிறு தாள்துண்டை வைத்து மறைத்து, முழுக்காட்சியையும் பாருங்கள்; மறைத்ததால் எதுவும் குறையவில்லை என்று தோன்றினால், பறவையை வேறிடத்துக்கு மாற்றி, முதலில் ஒளியிலிருந்து தொடங்குங்கள்.